வேலைதான் முடிந்துவிடுகிறதே, நேரம் எதற்கு?

பாம்பன் பக்கத்து மீனவக் கிராமம் ஒன்றிலிருந்து ஒரு சகோதரி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அவரை யாரும் அடையாளம் கண்டுவிடக் கூடாது என்பதற்காகச் சில விவரங்களை மாற்றி, சாரத்தை மட்டும் தருகிறேன்.

அவருக்கு வயது 36. மண்டபம் அருகே, நண்டுச் சதையைப் பிரித்து ஏற்றுமதிக்கு அனுப்பும் கம்பெனியில் நான்கு ஆண்டு நான்கு மாதமாக வேலை பார்க்கிறார். ஏறக்குறைய 60 பேர் வேலை செய்யும் இடம். அவருக்கு சூப்பர்வைசர் என்று பெயர். காலையில் வெந்த நண்டை எடைபோட்டு ஒவ்வொரு மேஜைக்கும் பிரித்துக் கொடுக்க வேண்டும். பெண்கள் பிரித்துத் தரும் சதையை மறுபடி எடைபோட்டு அவரவர் பெயரில் நோட்டில் ஏற்ற வேண்டும். மாலையில் மொத்தக் கணக்கையும் முடித்து அலுவலகத்தில் ஒப்படைக்க வேண்டும். வேலை நேரம் காலை 8.30 முதல் மாலை 5 வரை, நடுவில் அரை மணி நேரம் சாப்பாட்டுக்கு. மாதச் சம்பளம் 15,000 ரூபாய்.

கணவர் விசைப்படகில் கடலுக்குப் போகிறவர். வீட்டில் இரண்டு பிள்ளைகள்; காலையில் ஊசி போட்டுச் சாப்பாடு கொடுக்க வேண்டிய சர்க்கரை நோயாளி மாமியார். எல்லாவற்றையும் முடித்துவிட்டு ஓடி வந்து பஸ்ஸைப் பிடித்தால், பாலத்தில் சுற்றுலா வண்டிகள் நின்று வழியை அடைத்துக்கொள்கின்றன. மாதத்தில் பத்துப் பன்னிரண்டு நாள் 20, 25 நிமிடம் தாமதமாகிவிடுகிறது. மூன்று முறை தாமதித்தால் அரை நாள் சம்பளம் பிடிப்பது கம்பெனியின் வழக்கம். போன மாதம் 12 நாள் தாமதத்துக்கு நான்கு அரை நாள் போயிற்று. இப்போது, தொடர்ந்து தாமதமாக வருவதற்கு மூன்று நாளில் விளக்கம் தர வேண்டும் என்று மெமோவும் வந்திருக்கிறது.

அவர் எழுதியதை அவர் சொற்களிலேயே தருகிறேன்: "என் கணக்கில் ஒரு நாளும் பிசகு வந்ததில்லை. லோடு பிந்தினால் ஆறரை, ஏழு மணி வரை இருந்து முடித்துக் கொடுத்துவிட்டுத்தான் வீட்டுக்கு வருகிறேன். மாதம் ஏழெட்டு நாள் இப்படி. அதற்கு ஒரு ரூபாய் கிடையாது. என் வீட்டுக்காரர் எத்தனை மணிக்குக் கரைக்கு வந்தார் என்று யாரும் கேட்பதில்லை. பாடு (மீன் வரத்து) இருக்கிறதா என்றுதான் கேட்கிறார்கள். எனக்கு மட்டும் எதற்குக் கடிகாரம்?"

மெமோவில் கையெழுத்துப் போடலாமா, வேலையை விட்டுவிடலாமா, தனக்கு ஆதரவாக இருபது பெண்கள் ஒரு நாள் சேர்ந்து அரை மணி நேரம் தாமதமாக வரத் தயாராக இருக்கிறார்களே, அதை ஏற்கலாமா என்று கேட்கிறார். போகிற போக்கில் இன்னொரு செய்தியும் சொல்லியிருக்கிறார். பஸ் வராத சில நாட்களில் தோழி ஒருத்தி இவர் பெயருக்கு நேரே கையெழுத்துப் போட்டு வைத்திருக்கிறாள்.

அன்புள்ள சகோதரி,

உங்கள் கடிதத்தில் மூன்று விஷயங்கள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. காலையில் வரும் தாமதம், அதற்காகப் பிடித்த சம்பளம், மாலையில் கூலியில்லாமல் வாங்கிக்கொள்ளும் வேலை. முதலாவதில் கம்பெனியின் பக்கம் நியாயம் இருக்கிறது. மற்ற இரண்டிலும் உங்கள் பக்கம். நீங்கள் மாலையைக் காட்டிக் காலையை நேர் செய்யப் பார்க்கிறீர்கள். கம்பெனி காலையைக் காட்டி மாலையை மறைக்கிறது. மூன்றையும் தனித்தனியாகப் பிரித்து வைத்தால்தான் உங்களுக்கு வழி கிடைக்கும்.

காலை 8.30க்கு யார் காத்திருக்கிறார்கள்?

"வேலை முடிந்துவிடுகிறது" என்று எழுதியிருக்கிறீர்கள். யாருடைய வேலை? உங்கள் நோட்டு மாலையில் முடிந்துவிடுகிறது, சரி. ஆனால் நீங்கள் எடைபோட்டுப் பிரித்துக் கொடுத்தால்தான் மேஜையில் இருக்கும் பெண்கள் நண்டைக் கையில் எடுக்க முடியும். அவர்களுக்குச் சதையின் எடைக்குத்தான் கூலி என்று நீங்களே சொல்லியிருக்கிறீர்கள். நீங்கள் 8.55க்கு வந்த நாளில் அந்த 25 நிமிடம் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தவர்கள் அவர்கள். உங்களுக்கு மாதச் சம்பளம். உங்கள் தாமதத்துக்குப் பிடித்தாலும் அது கணக்கில் ஏறும். அவர்களுக்கு அந்த நேரத்தின் கூலியே கிடைக்காது. அந்த இழப்பை எந்த நோட்டிலும் யாரும் ஏற்றுவதில்லை, நீங்கள் எழுதும் நோட்டிலும்கூட.

அந்தப் பெண்களில் இருபது பேர் உங்களுக்காக நிற்கத் தயாராக இருக்கிறார்கள் என்றால் உங்கள்மேல் எவ்வளவு அன்பு வைத்திருக்கிறார்கள் என்று தெரிகிறது. அந்த அன்பினால்தான் இதுவரை ஒருவரும் வாய் திறக்கவில்லை என்றும் எனக்குத் தோன்றுகிறது.

பண்டத்தின் பக்கமும் ஒன்று இருக்கிறது. வெந்த நண்டை ஐஸை விட்டு வெளியே எடுத்தால் நேரம் ஓடத் தொடங்கிவிடும். சூடேறும் சதையில் கிருமி பெருகும்; சில கிருமிகள் விடும் நச்சு, பிறகு டப்பாவில் அடைத்துச் சூடாக்கினாலும் எளிதில் அழியாது. அதனால்தான் எடுத்த நேரம், முடித்த நேரம், வெப்பம் எல்லாவற்றையும் எழுதிவைக்கச் சொல்கிறார்கள். ஹசாப் என்று உங்கள் கம்பெனியில் பேசிக்கொள்வது இந்த முறையைத்தான். கடலுணவுக்கு இதை அமெரிக்கா 1997 முதல் கட்டாயமாக்கியிருக்கிறது. அங்கே சரக்கை அனுப்பும் நம் கரைக் கம்பெனிகளும் அதற்குக் கட்டுப்பட்டவை. சரக்கு வந்து இறங்கிவிட்டது, எடைபோட ஆள் வரவில்லை என்ற நிலை ஏற்றுமதிக் கம்பெனிக்கு உண்மையிலேயே கவலை தரும் நிலை. மேலாளர் உங்களை வாட்டுவதற்காக மட்டும் நேரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கவில்லை.

உங்கள் கணவரின் தொழிலையே உதாரணம் காட்டினீர்கள். கரைக்கு வரும் நேரத்தை யாரும் கேட்பதில்லைதான். புறப்படும் நேரம்? மீன்துறையில் டோக்கன் வாங்கி, டீசலும் ஐஸும் ஏற்றி, பக்கத்துப் படகுகளெல்லாம் கிளம்பும்போது ஓர் ஆள் மட்டும் வந்து சேரவில்லை என்றால் அந்தப் படகில் என்ன பேச்சு நடக்கும் என்று அவரிடம் கேட்டுப்பாருங்கள். காற்றும் நீரோட்டமும் பார்த்துப் போகிறவர்கள் நேரத்தை அலட்சியம் செய்வதில்லை. ஒருவர் வராவிட்டால் எல்லோருடைய பங்கும் குறையும் என்று அவர்களுக்குத் தெரியும்.

இதற்காக எல்லா வேலைக்கும் ஒரே கடிகாரம் வேண்டும் என்று நான் சொல்லவில்லை. நீங்கள் மாலையில் எழுதும் மொத்தக் கணக்கை ஐந்து மணிக்கு முடித்தாலும் ஐந்தேகாலுக்கு முடித்தாலும் யாருக்கும் நஷ்டமில்லை. அந்த வேலையில் நிமிடம் பார்க்கும் மேலாளர் தேவையில்லாமல் பகையைத் தேடிக்கொள்கிறார். ஆனால் உங்கள் நாளில் காலை முதல் அரை மணி நேரம் அப்படிப்பட்டதல்ல. உங்கள் நாள் முழுவதிலும் கட்டாயம் நேரத்துக்கு இருந்தாக வேண்டிய பொழுது அது ஒன்றுதான். துரதிர்ஷ்டவசமாக அதுதான் தவறிக்கொண்டிருக்கிறது.

சட்டமும் இதில் உங்களுக்குத் துணை வராது. வேலைக்குச் சேர்ந்தபோது கையெழுத்திட்ட தாளில் 8.30 என்று இருக்கிறது. வேலையிட ஒழுங்கு விதிகளைப் பற்றிய 1946ஆம் ஆண்டு நிலையாணைச் சட்டத்தின் மாதிரி விதிகளிலேயே, வழக்கமாகத் தாமதமாக வருவது ஒழுங்கீனமாகப் பட்டியலிடப்பட்டிருந்தது. அந்தச் சட்டம் பொதுவாக 100 பேரோ அதற்கு மேலோ உள்ள நிறுவனங்களுக்கானது. இப்போதைய தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பில் அந்த எல்லை 300. 60 பேர் இருக்கும் உங்கள் இடத்துக்கு அது நேரடியாகப் பொருந்தாது. இருந்தாலும் வழக்கு என்று போய் நின்றால் "வேலையை முடித்துவிட்டேன்" என்ற ஒரு பதிலை மட்டும் வைத்து நீங்கள் வெல்ல முடியாது. என்றோ ஒரு நாள் தாமதித்ததைப் பெரிதாக்க முடியாது. மாதத்துக்கு 12 நாள் என்பது வழக்கம் ஆகிவிட்டது.

பிடித்த சம்பளம்

இதில் நீங்கள் பெரிய தவறான எண்ணத்தில் இருக்கிறீர்கள். "மூன்று தாமதத்துக்கு அரை நாள் என்பதுதான் சட்டமாமே" என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படி ஒரு சட்டம் உங்கள் கம்பெனிக்கு இல்லை. பல இடங்களில் அப்படி நடக்கிறது, நடப்பதாலேயே சட்டமாகிவிடாது.

வேலைக்கு வராத நேரத்துக்குச் சம்பளம் பிடிக்கலாம். எவ்வளவு நேரம் வரவில்லையோ அதன் விகிதத்துக்கு மேல் பிடிக்கக் கூடாது. 1936ஆம் ஆண்டு ஊதியப் பட்டுவாடாச் சட்டம் இதைத்தான் சொன்னது. 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளில் ஒன்றான ஊதியச் சட்டத் தொகுப்பும் இதையேதான் சொல்கிறது. ஆகவே எந்தச் சட்டம் என்று குழம்ப வேண்டியதில்லை.

உங்கள் கணக்கைப் போட்டுப் பார்த்தேன். 15,000 ரூபாயை 26 நாளுக்கு வகுத்தால் ஒரு நாளைக்கு 577 ரூபாய், மணிக்கு 72 ரூபாய். 12 நாளும் 25 நிமிடம் தாமதம் என்றே வைத்துக்கொண்டாலும் மொத்தம் 5 மணி நேரம். பிடிக்கக் கூடியது 360 ரூபாய். பிடித்ததோ நான்கு அரை நாள், அதாவது 1,154 ரூபாய். ஏறக்குறைய 790 ரூபாய் கூடுதலாகப் போயிருக்கிறது.

அந்தக் கூடுதலை அபராதம் என்று கம்பெனி சொல்லிப் பார்க்கலாம். அபராதத்துக்கும் கடுமையான கட்டு இருக்கிறது. எந்தெந்தத் தவறுக்கு அபராதம் என்பதை அரசின் முன் அனுமதியோடு அறிவிப்பாக ஒட்டியிருக்க வேண்டும். உங்களிடம் முதலில் விளக்கம் கேட்டிருக்க வேண்டும். ஒரு மாத அபராதம் எல்லாம் சேர்ந்து அந்த மாதச் சம்பளத்தில் 3 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. உங்களுக்கு அது 450 ரூபாய். வசூலித்த பணத்தைப் பதிவேட்டில் ஏற்றித் தொழிலாளர் நலனுக்குத்தான் செலவிட வேண்டும். உங்கள் கடிதத்தைப் பார்த்தால் இவற்றில் ஒன்றுகூட நடந்ததாகத் தெரியவில்லை.

சம்பளச் சீட்டு தருவது முதலாளியின் கடமை. இதுவரை தரவில்லை என்றால் எழுதிக் கேளுங்கள். கூடுதலாகப் பிடித்ததைத் திரும்பக் கோரி மனுச் செய்ய மூன்று ஆண்டு அவகாசம் இருக்கிறது. எனவே இந்த வாரமே சண்டைக்குப் போக வேண்டிய அவசரம் எதுவும் இல்லை.

தோழி போட்ட கையெழுத்து

கடிதத்தில் இதை இரண்டே வரியில் எழுதிவிட்டு நகர்ந்துவிட்டீர்கள். என்னைத் தூங்கவிடாமல் செய்தது இந்த இரண்டு வரிதான்.

தாமதமாக வருவது ஒழுங்கின்மை. வராத நேரத்தில் வந்ததாகப் பதிவு செய்வது ஏமாற்று. இரண்டுக்கும் இடையே உள்ள தூரம் மிகப் பெரியது. 25 நிமிடத் தாமதத்துக்காக ஒருவரை வேலையை விட்டு நீக்கினால் தண்டனை மிகை என்று வாதாட முடியும். பொய்க் கையெழுத்துக்காக நீக்கினால் அந்த வாதம் பெரும்பாலும் எடுபடுவதில்லை. நாணயம் போய்விட்டது என்ற ஒரு சொல்லிலேயே நிறுவனங்கள் வழக்கை வென்றுவிடுவதைப் பார்த்திருக்கிறேன். உங்களோடு சேர்ந்து உங்கள் தோழியின் வேலையும் போகும். அவள் உங்களுக்கு உதவியாகத்தான் செய்தாள். அவளைக் காப்பாற்றும் பொறுப்பு இப்போது உங்களுடையது.

உங்கள் நோட்டில் எடுத்த நேரம் என்று ஒரு கட்டம் இருக்குமே, அதிலும் இதே எச்சரிக்கை. 8.55க்கு எடைபோட்டுவிட்டு 8.30 என்று எழுதினால், அது உங்கள் வருகைப் பதிவோடு நிற்பதில்லை. யாரோ சாப்பிடப்போகும் உணவின் பாதுகாப்புப் பதிவையே பொய்யாக்குகிறது.

இன்றோடு இதை நிறுத்துங்கள். மெமோ இதைப் பற்றிக் கேட்கவில்லை. ஆகவே பதிலில் நீங்களாக எழுத வேண்டியதில்லை. ஆனால் "எல்லா நாளும் சரியான நேரத்துக்கு வந்தேன், கையெழுத்து இருக்கிறது" என்று அந்தக் கையெழுத்துகளைச் சாட்சியாகக் காட்டிவிடாதீர்கள். நேரில் கேட்டால் பொய் சொல்லாதீர்கள். பதில் சொல்வதற்கு முன் ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள்.

மாலை வேலைக்குக் கூலி

மாதம் எட்டு மாலை, நாளுக்கு ஒன்றரை மணி நேரம் என்றால் 12 மணி நேரம் ஆகிறது. தொழிற்சாலையில் வாரம் 48 மணி நேரம்தான் வேலை. அதற்கு மேல் வாங்கினால் இரண்டு மடங்குக் கூலி தர வேண்டும். உங்கள் கணக்கில் மணிக்கு 144 ரூபாய். காலையில் குறைந்த 5 மணி நேரத்தைக் கழித்துக் காட்டுவார்கள். கழித்தாலும் 7 மணி நேரம் மிஞ்சும். மாதம் 1,000 ரூபாய்க்கு மேல் உங்களுக்கு வர வேண்டியிருக்கிறது. மாலை 7 மணிக்கு மேல் பெண்களை வேலையில் வைத்திருப்பதென்றால் அவர்களுடைய சம்மதமும் பாதுகாப்பு ஏற்பாடும் வேண்டும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

"நீ சூப்பர்வைசர், உனக்கு ஓவர்டைம் கிடையாது" என்று மேலாளர் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். பட்டப் பெயர் எதையும் தீர்மானிப்பதில்லை. ஒருவர் நாள் முழுவதும் செய்யும் முக்கிய வேலை எது என்றுதான் நீதிமன்றங்கள் பார்க்கின்றன. எடைபோடுவதும் எழுதுவதும்தான் உங்கள் வேலை. யாரையும் வேலைக்கு எடுக்கவோ விடுப்புக் கொடுக்கவோ உங்களுக்கு அதிகாரமில்லை. மேற்பார்வை வேலை என்றே வைத்துக்கொண்டாலும், மாதம் 18,000 ரூபாய்க்கு மேல் வாங்குகிறவரைத்தான் தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பு தொழிலாளி என்ற வரையறையிலிருந்து விலக்குகிறது. நீங்கள் அந்த எல்லைக்குள் இருக்கிறீர்கள்.

ஆனால் கூலியில்லாமல் மாலையில் நின்றதற்கு ஈடாகக் காலையில் தாமதமாக வரலாம் என்று நீங்களாக முடிவு செய்ய முடியாது. முதலாளி ஒப்புக்கொண்டால்தான் அந்தச் சரிக்கட்டல் செல்லும். இதுவரை அவர் ஒப்புக்கொள்ளவில்லை; நீங்களும் கேட்கவில்லை. இனி, தாமதமாகப் புறப்படும் ஒவ்வொரு மாலையும் புறப்பட்ட நேரத்தையும், எந்த லோடுக்காக நின்றீர்கள் என்பதையும் ஒரு குறிப்பேட்டில் எழுதி வாருங்கள். திரும்பும் பஸ் டிக்கெட்டில் தேதியும் நேரமும் அச்சாகியிருக்கும். எறிந்துவிடாமல் அந்தப் பக்கத்திலேயே ஒட்டிவையுங்கள்.

மெமோவை எப்படிக் கையாள்வது?

மெமோவை வாங்கிக்கொள்ளுங்கள், கையெழுத்தும் போடுங்கள். "பெற்றுக்கொண்டேன்" என்று எழுதித் தேதியோடு கையெழுத்திட்டால், தாளைப் பெற்றுக்கொண்டதற்கு மட்டுமே அது ஒப்புதல். குற்றத்தை ஏற்றதாக ஆகாது. வாங்க மறுத்தால் தபாலில் வரும், அல்லது அறிவிப்புப் பலகையில் ஒட்டுவார்கள். பிறகு உங்கள் தரப்பு இல்லாமலே விஷயம் நகரும்.

பதிலில் நீளமாகக் குடும்பக் கதை வேண்டாம். அழுகையும் வேண்டாம், கோபமும் வேண்டாம். நான் எழுதினால் இப்படி எழுதுவேன்: "மெமோவில் குறிப்பிட்ட நாட்களில் தாமதமாக வந்தது உண்மை. உடல்நலம் குன்றிய மாமியாருக்குக் காலையில் ஊசி போட்டு உணவு கொடுக்கும் பொறுப்பும், பாலத்தில் ஏற்படும் போக்குவரத்து நெருக்கடியும் காரணங்கள். இதனால் மேஜைப் பணி தாமதமாவதை உணர்கிறேன். காலை முதல் எடையை எனக்குப் பதிலாகச் செய்யத் தகுதியான ஒருவரை நியமித்து, என் வேலை நேரத்தை 9 மணி முதல் 5.30 வரை மாற்றித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன். முடிவு தெரியும் வரை 8.30க்கு வந்துசேர எல்லா ஏற்பாடும் செய்கிறேன்."

இதில் கடைசி வரிதான் உங்களைக் காப்பாற்றும். எழுதிவிட்டு மறுநாளே தாமதித்தால் கடிதத்துக்கு மதிப்பே போய்விடும். ஆகவே எழுதுவதற்கு முன் வீட்டில் பேசுங்கள். கணவர் கரையில் இருக்கும் காலைகளில் அவர் அம்மாவுக்கு அவர் ஊசி போட முடியாதா? மாதம் முழுவதும் ஒருவர் தலையிலேயே இந்தப் பாரம் இருப்பதை நான் நியாயம் என்று சொல்ல மாட்டேன், சகோதரி. கடலுக்குப் போய்வந்த களைப்பு அவருக்கு இருக்கும். உங்களுக்கும் களைப்பு இருக்கிறது. பிள்ளைகளில் மூத்தவளுக்கு 14 வயது என்கிறீர்கள். பாட்டிக்குத் தட்டில் இட்லி வைத்துக் கொடுக்க மகளோ மகனோ, யாராயிருந்தாலும் பழகிக்கொள்ளலாம். பஸ்ஸைப் பொறுத்தவரை ஒன்று முன்னதாகப் பிடிப்பதுதான் வழி. பாலத்தில் வண்டி நிற்பது என்றோ ஒரு நாள் நடந்தால் விபத்து. வாரம் மூன்று நாள் நடந்தால் அதையும் பயண நேரத்தில் சேர்த்துக்கொள்ளத்தான் வேண்டும். 2022 டிசம்பரில் நின்றுபோன ரயில், 2025 ஏப்ரலில் புதிய பாலம் திறந்த பிறகு மறுபடி கடலைக் கடக்கிறது. காலை வண்டி உங்கள் நேரத்துக்கு ஒத்துவருகிறதா என்றும் பாருங்கள்.

சம்பளப் பிடித்தத்தையும் ஓவர்டைமையும் இந்தப் பதிலில் கலக்க வேண்டாம். கலந்தால், கேள்வி கேட்டதும் எதிர்க்கேள்வி போடுகிறாள் என்று மேலாளர் அதைக் கிழித்துப் போடுவார். இரண்டு மூன்று வாரம் நேரத்துக்கு வந்து காட்டிய பிறகு, தனிக் கடிதமாக, கணக்கோடு கேளுங்கள். அப்போது உங்களைத் திருப்பிக் கேட்க அவரிடம் ஒன்றும் இருக்காது.

இந்த ஒரு மெமோவை வைத்து உங்களை நாளையே நீக்கிவிட முடியாது. குற்றச்சாட்டை எழுத்தில் தந்து, விசாரணை நடத்தி, உங்கள் தரப்பைக் கேட்க வேண்டும். நீக்கினாலும் தண்டனை மிகையா என்று பார்த்துக் குறைக்கும் அதிகாரம் தொழில் தீர்ப்பாயத்துக்கு உண்டு. ஆனால் மெமோ இரண்டு, மூன்று, நான்கு என்று சேர்ந்துகொண்டே போனால் அந்தப் பாதுகாப்பு மெலிந்துகொண்டே வரும்.

இருபது பேர் சேர்ந்து தாமதமாக வரும் யோசனையை அன்போடு மறுத்துவிடுங்கள். பத்துப் பேரோ அதற்கு மேலோ பேசிவைத்துக்கொண்டு, முன்னறிவிப்பும் தக்க காரணமும் இல்லாமல் வேலைக்கு வராமல் இருந்தால், வேலை ஒப்பந்தத்தில் அதற்கு இடமிருக்கும் நிலையில் எட்டு நாள் சம்பளம் வரை பிடிக்கச் சட்டம் அனுமதிக்கிறது. வேலைநிறுத்தம் என்று கணக்கிட்டால் 14 நாள் முன்னறிவிப்பு வேண்டும் என்பதும் இருக்கிறது. எடைக்குக் கூலி வாங்குகிறவர்கள் அரை நாள் கூலியைக்கூட இழக்க முடியாதவர்கள். அவர்களுக்குக் கூடக் குறை இருக்குமானால், எல்லோருமாகக் கையெழுத்திட்டு ஒரு மனுக் கொடுப்பது நல்லது.

வேலையை விட்டுவிடலாமா?

இப்போது வேண்டாம் என்பது என் கருத்து. காரணம் பணம்தான். ஐந்து ஆண்டு தொடர்ந்து வேலை செய்தால் பணிக்கொடை உண்டு. கடைசி மாதச் சம்பளத்தை 26ஆல் வகுத்து, 15ஆல் பெருக்கி, ஆண்டுகளால் பெருக்க வேண்டும். 15,000 ரூபாய்க்கு ஐந்து ஆண்டுக் கணக்கு 43,269 ரூபாய். இன்று கோபத்தில் விலகல் கடிதம் கொடுத்தால் அது முழுவதும் போய்விடும். ஐந்தாம் ஆண்டில் 240 நாள் வேலை செய்திருந்தால் அதையும் முழு ஆண்டாகக் கொள்ளலாம் என்று சென்னை உயர் நீதிமன்றம் ஒரு வழக்கில் தீர்ப்பளித்திருக்கிறது. ஆனாலும் அந்த எல்லையில் போய் நின்று வாதாடுவதைவிட இன்னும் எட்டு மாதம் இருந்து ஐந்தை நிறைவு செய்வது நிம்மதி. சரக்கு வரத்துக் குறையும் மாதங்களிலும் வருகைப் பதிவேட்டில் உங்கள் பெயர் தொடர்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

அதற்குப் பிறகும் காலை நேரம் ஒத்துவரவில்லை என்றால் வேறு வேலை பாருங்கள். வேலை முடிந்தால் போதும், வந்த நேரத்தை யாரும் கேட்க வேண்டாம் என்ற ஏற்பாடு உங்கள் மனதுக்குப் பிடித்திருக்கிறது. அப்படிப்பட்ட வேலைகளும் இருக்கின்றன. கணக்கு எழுதத் தெரிந்த கை உங்களுடையது. வியாபாரிகளுக்கு வீட்டிலிருந்தே கணக்கு எழுதிக் கொடுக்கலாம். ஜிஎஸ்டி கணக்குப் பழகிக்கொண்டால் ராமநாதபுரம், கீழக்கரைக் கடைகளில் கேட்பார்கள். அங்கே உங்கள் நேரம் உங்கள் கையில்.

கூடுதலாகப் பிடித்த தொகையைக் கம்பெனி தர மறுத்தால் ராமநாதபுரத்தில் உள்ள தொழிலாளர் உதவி ஆணையர் அலுவலகத்தில் மனுக் கொடுங்கள். வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பணமில்லையே என்று கடிதத்தின் கடைசியில் எழுதியிருந்தீர்கள். 1987ஆம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி பெண்களுக்கு வருமான வரம்பு எதுவும் பார்க்காமல் இலவச வழக்கறிஞர் கிடைப்பார். மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் ஒரு வெள்ளைத்தாளில் மனு எழுதிக் கொடுத்தால் போதும். 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம். போகும்போது வேலை உத்தரவு, மெமோ, உங்கள் பதிலின் நகல், சம்பளம் வரவான வங்கிப் பாஸ் புத்தகம், டிக்கெட் ஒட்டிய குறிப்பேடு ஐந்தையும் எடுத்துப் போங்கள். மெமோவுக்கான பதிலை நாளை மறுநாளுக்குள் கொடுத்து, நகலில் அலுவலக முத்திரையோடு கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். முத்திரை போட மறுத்தால் அன்றே, சேர்த்ததற்கான ஒப்புகையோடு ஸ்பீட் போஸ்டில் அனுப்பிவிடுங்கள்.